மல்லி 2

உகனையில் ஒருவரிடம் வாங்கிய ரிமோட்.
இடது குச்சியின் முனை தேய்ந்திருந்தது.
திறந்ததும் திரையில் ஒரே ஒரு பெயர்: மல்லி 2.
அவருடைய மொழியில் மல்லி என்றால் தம்பி.
எங்கள் வீட்டில் அது இரசத்துக்கு இடிப்பது.

சம்மாந்துறையில் உரக்கடைக்கு மேலே எங்கள் அறை.
வெள்ளம் தின்ற வயலை மேலிருந்து படமெடுத்து
நட்டஈட்டுக் கந்தோருக்குக் கொடுப்பது
எனக்கும் ஹஸ்னத்துக்கும் தொழில்.
தொழிலாகப் போகிறது என்று சொல்வதுதான் சரி.

போன வியாழன் முதல் முறை எறிந்தோம்.
எழும்பு என்று குச்சியை என் பக்கம் இழுத்தேன்.
அது வலப்பக்கம் புரண்டு
ஆளில்லாத உழவு மெஷினின் சேற்றுச் சில்லில் முட்டியது.
வரம்பில் நின்ற வட்டவிதானை
சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு
இன்னும் கண்ணில் நிற்கிறது.

இரவு. காற்றாடியைக் கழற்றி வைத்தாயிற்று,
விரல் பத்தும் வேண்டுமே.
மேசையில் ரெஜிபோம் சிறகு, வயிறு திறந்து.
ஹஸ்னத் குச்சியை அசைக்க
நான் மடிப்புகளைப் பார்க்கிறேன்.
சாய்.
இடது மடிப்பு அசைகிறது, வலது தூங்குகிறது.
இழு.
வலது நிமிர்கிறது, இடது தூங்குகிறது.

வெகுநேரம் கழித்துத்தான் விளங்கியது:
மல்லிக்கு வால் இருந்திருக்கிறது.
அவனுடைய முதலாம் சேனல் சரிவதற்கு,
இரண்டாவது, வாலில், எழும்புவதற்கு.
எங்களுடையதற்கு வால் கிடையாது.
வாலுக்குப் போட்ட கட்டளை
வலது சிறகின் வாசலில் வந்து இறங்குகிறது,
வீடு மாறிப் போனவரின் கடிதம் போல.

சேனல் என்றால் வாய்க்கால்தானே.
விதானை என்ன செய்வார்?
எந்த மதகு எந்த வயலுக்கு என்று முதலில் பார்ப்பார்.
எவ்வளவு என்பது பிறகு.

ஒவ்வொரு வாய்க்காலிலும் இரண்டு தண்ணீரை விட்டோம்.
இடது சிறகுக்குச் சரிவும் எழுச்சியும்,
வலது சிறகுக்கும் அதே இரண்டும்,
ஒன்றின் முன்னால் மட்டும் ஒரு கழித்தல் குறி.
அந்தச் சின்னக் கோட்டை எங்கே போடுவது என்பதில்
ஒரு மணி நேரமும் இரண்டு பிளேன்டீயும் போயின.
"இழுத்தா ஒண்டு மேல ஒண்டு கீழ போகுது, என்னகா இது?"
மாற்றிப் போட்டோம்.
இழுத்தால் இரண்டும் நிமிர்ந்தன.
சாய்த்தால் ஒன்று ஏற ஒன்று இறங்கியது.
அப்போதே படுத்திருக்கலாம்.

ஹஸ்னத் இரண்டையும் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தாள்.
நூறும் நூறுமாக வைத்திருந்தோம்;
வாய்க்கால் கொள்வதே நூறு.
வயலில் வரம்பு உடைந்தால் சத்தம் கேட்கும்,
இங்கே மிஞ்சியது சத்தமில்லாமல் வெட்டுப்பட்டுப் போகிறது.
முழுக்க இழுத்தபடி சாய்த்தால்
ஒரு மடிப்பு உச்சியில் உறைந்து நிற்கிறது,
மற்றது மட்டும் திரும்பப் பார்க்கிறது.
இருப்பதையெல்லாம் எழும்பக் கொடுத்த சிறகு.
அறுபது சரிவுக்கு, நாற்பது எழுச்சிக்கு.
எழுதி ரிமோட்டின் முதுகில் ஒட்டினாள்.

வெள்ளி பின்னேரம். வாடைக் காற்று.
எறிந்தாள். எழும்பியது.
நெய்னாகாட்டுப் பக்கம் துண்டு துண்டாய்த் தண்ணீர்,
நடுவில் படுத்த நெல், கொக்கு.
சாய்த்தேன், சாய்ந்தது.
சும்மா இன்னொரு முறை சாய்த்தேன்.

ஏழாவது நிமிடம்
ரிமோட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பிள்ளையின் குரல்:
"மல்லி, கெதர யமு."

தம்பி, வீட்டுக்குப் போவோம்.

பழையவனின் கணக்கைப் பிரதியெடுத்துத்தான்
எங்களுடையதைச் செய்திருந்தோம்.
சேனலைப் பார்த்தோம், கலவையைப் பார்த்தோம்,
மணிக்கூட்டை யாரும் பார்க்கவில்லை.
பேட்டரியும் அவ்வளவுதான் இருந்தது.

"அதயும் மாத்துவமா?" என்றாள் ஹஸ்னத்.
காற்று எதிரே.
வரம்புக்கு மேலால் தணிந்து வந்துகொண்டிருந்தது சிறகு.
நான் பேசவில்லை.
இறக்கும்போது பேசக் கூடாது.